மூணுல எது?

என் கணவர் ஜெயந்த் வாழ்க்கையில் எதற்கும் "வேண்டாம்" என்று சொன்னதில்லை. "பார்க்கலாம்" என்பார். கேட்கிறவர்கள் எவ்வளவு தங்கமான மனுஷர் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். இருபத்தாறு வருஷம் அவரோடு குப்பை கொட்டிய எனக்குத்தான் தெரியும், அந்தப் பார்க்கலாமுக்குள் போன எதுவும் உயிரோடு வெளியே வந்ததில்லை.

என் பெயர் வித்யாலக்ஷ்மி. கல்கத்தாவில், அலிப்பூரில் ஒரு அரசு வங்கிக் கிளையில் சீனியர் மேனேஜர். எங்கள் வங்கியில் பதவி உயர்வு என்றால் கூடவே ஊர் மாற்றமும் வரும். குடும்பம், குழந்தை என்று இருக்கிற பெண்கள் "எனக்குப் பதவி உயர்வே வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு இருந்த இடத்திலேயே இருந்துவிடுவது சகஜம். நான் அப்படி எழுதிக் கொடுத்ததில்லை. ஆனாலும் இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் போயிற்று. முதல் தடவை மகள் மேக்னாவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அடுத்த தடவை சால்ட் லேக் வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தோம். இரண்டு தடவையும் ஜெயந்த் "பார்க்கலாம், அவசரப்படாம யோசிக்கலாம்" என்றார். யோசித்தோம். யோசித்துக்கொண்டே இருக்கையில் கெடு தாண்டிவிட்டது. கெடுவுக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் மறுத்ததாகவே வங்கி எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது தடவை இந்த வருஷம் வந்தது. கௌஹாத்தியில் சீஃப் மேனேஜர். எனக்கென்று ஒரு கிளை, எனக்கென்று ஒரு அறை. என் வயதுக்கு இனி நாலாவது தடவை என்று ஒன்று கிடையாது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வங்கியின் இணையதளத்தில் நுழைந்து 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் போனுக்கு ஓடிபி வரும். அதைப் போட்டால் ஆயிற்று.

இந்தச் சின்ன வேலையை ஏன் முன்னாலேயே செய்யவில்லை என்று யாரும் கேட்கலாம். மேக்னா புனேயிலிருந்து தினமும் அதைத்தான் கேட்டாள். அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்த பதில் இதுதான்: அவர் வாயால் "போயிட்டு வா" என்று ஒரு வார்த்தை எனக்கு வேண்டியிருந்தது. கோடிக்கணக்கான கடனுக்குக் கையெழுத்துப் போடுகிற பெண்பிள்ளை, இதற்கு மட்டும் புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பழக்கம். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை காலை காபி குடித்துக்கொண்டே கேட்டேன்.

"இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள போட்டாகணும். போட்டுடட்டுமா?"

"போடலாமே," என்றார் ஜெயந்த். எனக்கு ஒரு நிமிஷம் நம்ப முடியவில்லை. "சாயங்காலம் ரெண்டு பேருமா சேர்ந்து உக்காந்து போடலாம். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணு. டிஸ்க் பிளேயர் ஒண்ணுதான் பாக்கி. ராஸ்பிஹாரில ஒரு கடையில மூணு மாடல் வச்சிருக்கான். நீ வந்து பாத்து சொல்லணும். உன் கண்ணுதான் கண்ணு. மூணு மணிக்கெல்லாம் ஆத்துக்கு வந்துடலாம்."

டிஸ்க் பிளேயர் என்ன பாக்கி என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜெயந்த் தேயிலைக் கம்பெனியிலிருந்து போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்ட மறுநாளே மேக்னாவின் அறையை ஹோம் தியேட்டராக மாற்றும் வேலையை ஆரம்பித்துவிட்டார். சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்சுப் பலகை. மூலைக்கு மூலை ஸ்பீக்கர். வீட்டிலேயே அந்த அறைக்குத்தான் தெற்குப் பார்த்த ஜன்னல். கல்கத்தாக்காரர்கள் தெற்கு ஜன்னல் இருக்கிற வீட்டுக்காரனை ஒரு படி மேலே வைத்துத்தான் பேசுவார்கள். அந்த ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தபோது மாஷிமா என்று நாங்கள் கூப்பிடுகிற கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்து, ஏதோ துக்கம் விசாரிக்கிற மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் காற்று வருவதில்லை.

எல்லாப் படமும்தான் இணையத்தில் வருகிறதே, டிஸ்க் எதற்கு என்று ஒருதரம் கேட்டேன். "நெட்டுல இருக்கறது இன்னிக்கு இருக்கும், நாளைக்கு எடுத்துடுவான். டிஸ்க் நம்ம அலமாரில இருக்கும். எங்கேயும் போகாது," என்றார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காளிகாட் மெட்ரோவில் இறங்கி வெளியே வந்தால் துர்கா பூஜைக்குத் துணி வாங்குகிற கூட்டம் நடைபாதையை அடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் இடிபட்டு இரண்டு மணி சுமாருக்குக் கடைக்குள் நுழைந்தோம். மேலே ஃபேன், ஃப்ரிட்ஜ், வாஷிங் மிஷின். டெமோ அறை கீழே, பேஸ்மென்டில்.

எங்களை அழைத்துக்கொண்டு போன விற்பனையாளர் பெயர் பிப்லப். நாற்பது தாண்டிய, தாழ்ந்த குரலில் பேசுகிற மனுஷர். "ஆஷுன் தாதா, ஆஷுன் பௌதி," வாங்க அண்ணா, வாங்க அண்ணி என்று பெங்காலியில் வரவேற்று, படியிறக்கிவிட்டு, ஒரு கதவைத் தள்ளித் திறந்தார். எங்கள் வங்கியின் லாக்கர் அறைக் கதவு அந்தக் கனம் இருக்கும். உள்ளே ஜன்னல் இல்லை. சுவர், கூரை, தரை எல்லாம் கறுப்புக் கம்பளம். நடுவில் கால் நீட்டிச் சாய்கிற நாற்காலிகள் இரண்டு, எதிரே திரை, திரைக்குக் கீழே மேசையில் மூன்று பிளேயர்கள். பிப்லப் கதவைச் சாத்தியதும் தெருச் சத்தம் கத்தரித்த மாதிரி நின்றுவிட்டது. எனக்கு அப்போதே காது அடைத்துக்கொண்டது.

முதல் பிளேயர் ஒல்லியாக, பிளாஸ்டிக்காக, டிபன் டப்பா மாதிரி இருந்தது. டிஸ்க்கை உள்ளே இழுக்கும்போது கரகரவென்று ஒரு சத்தம். இரண்டாவது கொஞ்சம் தடி. படம் நன்றாகத் தெரிந்தது, ஆனால் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்றாவது இரும்புப் பெட்டி. எந்த நாட்டு டிஸ்க் போட்டாலும் ஓடுமாம், பாட்டு டிஸ்க்கும் ஓடுமாம், தட்டு வெளியே வருவது தெரியாமல் வந்து தெரியாமல் போயிற்று.

மூன்றிலும் ஒரே டெமோ டிஸ்க்கைப் போட்டுக் காட்டினார் பிப்லப். ஏதோ பனிநாட்டு அருவி. முதல் பிளேயரில் அருவி விழுந்தது. இரண்டாவதில் அதே அருவி விழுந்தது. மூன்றாவதிலும் விழுந்தது.

"மூணுல எது?" என்று கேட்டார் ஜெயந்த்.

"மூணாவது," என்றேன்.

"அது நன்னாத்தான் இருக்கு. ஆனா ரெண்டாவதுல கறுப்பு இன்னும் கறுப்பா இல்ல?"

"சரி, ரெண்டாவது."

"ரெண்டாவது ஸ்டார்ட் ஆக லேட் ஆறதே."

"அப்போ முதலாவதை வாங்குங்கோ."

"கேலி பண்றியா? இரு, இன்னொரு தடவை போடச் சொல்றேன். அவசரமில்ல."

மறுபடி அருவி. நடுவில் தரை லேசாக அதிர்ந்தது, நாற்காலியும் சேர்ந்து நடுங்கியது. ஜெயந்த் என் முழங்கையைத் தட்டி, "பாத்தியா பேஸ்! நெஞ்சுல வந்து இடிக்கறது பாரு," என்றார். பிப்லப் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அருவி ஓய்ந்தபிறகும் தரை இன்னொரு தடவை அதே மாதிரி அதிர்ந்தது. அது ஸ்பீக்கர் இல்லை, பக்கத்தில் பூமிக்கடியில் போகிற மெட்ரோ. வீட்டுக்குப் போகிற ரயில் ஒவ்வொன்றாக என்னை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

போனை எடுத்துப் பார்த்தேன். மணி தெரிந்தது, மூன்று தாண்டியிருந்தது. சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடுகூட இல்லை.

"கிளம்பலாமா? நாழியாறது," என்றேன் தமிழில்.

"சிரிச்சுண்டே பேசு. அவன் பாக்கறான்," என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

எங்கள் ஜனங்களின் வழக்கம் இது. கல்கத்தாவில் நாலு தலைமுறையாக இருக்கிறோம். பெங்காலி எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கடையிலோ, டிராமிலோ, லிஃப்டிலோ சட்டென்று தமிழுக்கு மாறினோம் என்றால், நாலு பேர் நடுவிலேயே கதவைச் சாத்திக்கொண்டோம் என்று அர்த்தம். சாத்திய கதவுக்குப் பின்னால் எதையும் பேசலாம். கடைக்காரனைத் திட்டலாம், மாமியாரைத் திட்டலாம், ஜென்ம விரோதத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். முகம் மட்டும் சிரித்தபடி இருக்க வேண்டும். சந்தேகம் வராமல் இருக்க நடுவில் கலர், சவுண்டு என்று இரண்டு வார்த்தை தூவிக்கொள்ள வேண்டும். என் அப்பா அம்மா நியூ மார்க்கெட்டில் புடவைக் கடைக்கு முன்னால் இப்படிச் சிரித்துக்கொண்டே சண்டை போட்டதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கு இதில் பயிற்சி உண்டு.

"மூணு மணிக்கு ஆத்துல இருக்கலாம்னேள்," என்றேன் பல் தெரியச் சிரித்து.

"இருக்கலாம்னுதான் சொன்னேன். இவ்வளவு பணம் போட்டு வாங்கறோம், நிதானமா பாக்க வேண்டாமா? கலர் எப்படி இருக்கு பாரு." திரையைக் கையால் காட்டினார். "கௌஹாத்தில வருஷம் பூரா மழை. ஒனக்கு சைனஸ். யோசிச்சியா?"

"சைனஸ் எனக்கு. நான் பாத்துக்கறேன்."

"மேக்னாவுக்கு வரன் பாக்கற சமயம். அம்மா ஒரு ஊர்ல, அப்பா ஒரு ஊர்லன்னா கேக்கறவா என்ன நெனைப்பா? சவுண்டு நன்னா இருக்கு, இல்ல?"

"மேக்னாதான் என்னைப் போ போன்னு பிடுங்கறா."

"அவ குழந்தை."

"இருபத்தஞ்சு வயசு."

"வித்யா, நான் வேண்டாம்னு சொன்னேனா? சொல்லு. சொன்னேனா? பார்க்கலாம்னுதானே சொல்றேன்."

பிப்லப் பக்கம் திரும்பி பெங்காலியில், "முதல் மாடலையும் மூணாவதையும் மாத்தி மாத்திக் காட்ட முடியுமா தாதா?" என்று கேட்டார். முடியும் என்றார் பிப்லப். மறுபடி விளக்கு அணைந்தது. அருவி விழ ஆரம்பித்தது.

நான் எழுந்துவிட்டேன். இருட்டில் தடவிக்கொண்டு போய்க் கதவில் கை வைத்தேன். ஜெயந்த் பின்னாலிருந்து பெங்காலியில், சத்தமாக, "பௌதிக்கு இருட்டுன்னா பயம்!" என்று சொல்லிச் சிரித்தார். விளக்கு எரிந்தது. பிப்லப்பும் மரியாதைக்கு லேசாகச் சிரித்தார். "இன்னும் ரெண்டே கிளிப், பௌதி," என்றார். நான் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஏன் உட்கார்ந்தேன்? கதவுக்குப் பூட்டு இல்லை. யாரும் என்னைப் பிடித்து இழுக்கவில்லை. ஒரு அன்னியர் முன்னால் புருஷன் சொல்லச் சொல்லக் கேட்காமல் விறுவிறுவென்று போகிற பெண்பிள்ளையாக இருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான். என்மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது. அந்தச் சாய்வு நாற்காலியில் ஒரு தொல்லை, ஒருதரம் சாய்ந்துவிட்டால் எழுந்திருக்க இரண்டு கையையும் ஊன்ற வேண்டும். இதே நாற்காலியில் இரண்டு எங்கள் வீட்டுக்கும் சொல்லியிருப்பதாக ஜெயந்த் ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருந்தார். சாகும்வரை நான் உட்காரப்போகிற இடத்தில்தான் அப்போது உட்கார்ந்திருந்தேன்.

மண் குவளையில் டீ வந்தது. ஜெயந்த் ஊதி ஊதிக் குடித்தார். இவ்வளவு மெதுவாக அவர் டீ குடித்து நான் பார்த்ததில்லை. தேயிலைக் கம்பெனியில் ஒரு நாளைக்கு நூறு கோப்பை ருசி பார்த்துத் துப்பின மனுஷர். டிஸ்க்கில் கீறல் விழுந்தால் எது தாங்கும், மின்சாரம் போய்வந்தால் எது விட்ட இடத்திலிருந்து ஓடும், ரிமோட் தொலைந்தால் வேறு கிடைக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிப்லப் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஆனால் முன்பிருந்த உற்சாகம் அவர் குரலில் இல்லை. அடிக்கடி என்னைப் பார்த்தார். நான் அதை அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கிற அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

மணி நாலரையை நெருங்கிக்கொண்டிருந்தது. இனிமேல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து உட்கார்ந்து போடுவது என்பதெல்லாம் நடக்காத காரியம். தெருவுக்குப் போனாலே போதும். சிக்னல் கிடைக்கிற ஒரு முழ இடம் போதும்.

"நான் மேல போய் போட்டுட்டு வந்துடறேன். நீங்க பாத்துண்டிருங்கோ," என்றேன்.

"சேர்ந்து போடலாம்னு பேசியிருக்கோமே. இப்போ தனியா போய்ப் போட்டா என்ன அர்த்தம்? என்னை மதிக்கலைன்னுதானே அர்த்தம்?" சிரித்துக்கொண்டே சொன்னார். "உக்காரு. இதோ ஆச்சு."

அப்போதுதான் என் முகம் சிரிப்பதை நிறுத்தியது. நானாக நிறுத்தவில்லை. கன்னம் வலித்து, அதுவாக நின்றுவிட்டது.

"எனக்கு மூச்சு முட்டறது," என்றேன். "இந்த ரூம்ல இல்ல. உங்களோட."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தடவை விட்டேன். நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். நீங்க சொல்லவும் இல்ல, விடவும் இல்ல. இதையும் விட்டேன்னா என்ன ஆகும் தெரியுமா? ஒண்ணும் ஆகாது. ஆத்துலதான் இருப்பேன். சமைப்பேன். உங்க பக்கத்துல அந்த நாற்காலில உக்காந்து படம் பாப்பேன். ஆனா உங்களை மன்னிக்க மாட்டேன். சாகற வரைக்கும் மாட்டேன். அதையும் பக்கத்துலயே வச்சுண்டு படம் பாருங்கோ."

ஜெயந்த் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த ரெண்டாவது மாடலை இன்னொரு தடவை போடச் சொல்லட்டுமா?" என்றார்.

அருவி பாதியில் நின்றது. விளக்கு எரிந்தது. பிப்லப் கையில் ரிமோட்டோடு எங்களுக்கு முன்னால் வந்து நின்றார்.

"அம்மா," என்றார். பௌதி இல்லை, அம்மா. "நீங்க கெளம்புங்கம்மா. டைம் ஆவுது."

தமிழில்தான் சொன்னார். வேலூர்ப் பக்கத்துத் தமிழ், மேலே கொஞ்சம் பெங்காலி வாடை. எனக்கு முதலில் யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. கறுப்புக் கம்பளம் பேசியிருந்தால்கூட அவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது.

"எங்க அம்மாவுக்கு வேலூர்ல வைத்தியம் பார்த்தோம்," என்றார் பிப்லப், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஒரு வருசம் லாட்ஜ்ல இருந்தோம். ஓட்டல், மருந்துக் கடை, நர்சம்மா, எல்லார்கிட்டயும் தமிழ்தான். பேச கொஞ்சம் வரும். கேட்டா எல்லாம் புரியும்."

கல்கத்தாவில் வைத்தியத்துக்கு வேலூர் போய்வந்தவர்கள் தெருவுக்கு நாலு வீட்டில் இருக்கிறார்கள். எனக்குத் தெரியாததா? ஹவுராவிலிருந்து போகிற ரயிலில் அவர்களோடு சாப்பாட்டைப் பங்கு போட்டுக்கொண்டு பயணம் செய்திருக்கிறேன். ஆனாலும் சாத்திய கதவுக்குப் பின்னால் இருப்பதாகவே இரண்டரை மணி நேரமாக நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஜெயந்த் முகம் சிவந்துவிட்டது. "தமிழ் தெரியும்னு முன்னாடியே சொல்லியிருக்கணும்," என்றார் பெங்காலியில், மேலதிகாரி தோரணையில்.

பிப்லப் அவரைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் பேசினார்.

"சார் செவ்வாக்கெழமையே வந்தாங்கம்மா. இந்த மூணாவது பிளேயர் அன்னிக்கே வாங்கிட்டாங்க. பணம் கட்டியாச்சு. திங்கக்கெழமை வீட்டுக்கு வருது." கொஞ்சம் நிறுத்தினார். "சனிக்கெழமை மேடத்தைக் கூட்டிட்டு வரேன், சர்ப்ரைஸ், வாங்கினதைச் சொல்லாதீங்க, மூணையும் போட்டுக் காட்டுங்க, அஞ்சு மணி வரைக்கும் மெதுவா காட்டுங்கன்னு சொன்னாங்க. நான் நெசமாவே சர்ப்ரைஸ்னு நெனச்சேன். பாவம் சார், வீட்டு அம்மா மேல எவ்ளோ பிரியம்னு நெனச்சேன். இப்ப நீங்க பேசினதெல்லாம் கேட்டப்புறம்…"

மேலே தமிழ் வரவில்லை அவருக்கு. போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மேலேயிருந்து யாரோ ஃபேன் விலை கேட்கும் சத்தம் உள்ளே வந்தது.

நான் ஜெயந்தைப் பார்த்தேன். அவர் மூன்றாவது பிளேயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்வார் என்று ஒரு நொடி எதிர்பார்த்தேன். அந்த மனுஷருக்கு அந்த வார்த்தைதான் வராதே. இரண்டு கையையும் ஊன்றி எழுந்தேன். பையை எடுத்துக்கொண்டேன். பிப்லப்பைத் தாண்டிப் போகும்போது நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை.

படியேறினேன். ஃப்ரிட்ஜுகளுக்கு நடுவில் போனைத் தூக்கிப் பார்த்தேன், சிக்னல் வந்தது, போயிற்று. தெருவுக்கு ஓடினேன். நைட்டி விற்கிறவன் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவில், கூட்டம் தோளில் இடிக்க, நின்றுகொண்டு தளத்தைத் திறந்தேன். அது சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் மத்தியானத்திலிருந்து வராத குறுஞ்செய்தியெல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. மேக்னா மட்டும் ஆறு தடவை கூப்பிட்டிருந்தாள். பொத்தானை அழுத்தினேன். ஓடிபி வந்தது. அவசரத்தில் ஒரு எண்ணை மாற்றிப் போட்டுவிட்டேன். தவறு என்றது. மறுபடி கேட்டேன். வரவில்லை.

"தீதி, எக்டு ஷோரே," நகரச் சொன்னான் நைட்டிக்காரன். நான் நகரவில்லை. என்னை அந்த இடத்தைவிட்டு நகர்த்த அந்த நேரத்தில் யாராலும் முடிந்திருக்காது. போனையே வெறித்துக்கொண்டு நின்றேன். இந்த ஊரில் இருக்கிற அத்தனை போனுக்கும் ஓடிபி வந்துவிட்டு என் போனுக்கு மட்டும் வராத மாதிரி இருந்தது. கடைசியில் வந்தது. ஒவ்வொரு எண்ணாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு அடித்தேன்.

உங்கள் சம்மதம் பதிவு செய்யப்பட்டது என்று வந்தது. ஐந்தாக இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

அழுவேன் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை, அகோரமாகப் பசித்தது. வளையல் கடை ஓரத்தில் ஒருவன் ஜால்முடி கலந்துகொண்டிருந்தான். ஒரு பொட்டலம் வாங்கி, நின்ற இடத்திலேயே பொரியை வாயில் போட்டுக்கொண்டேன். பச்சைமிளகாய் சுரீரென்றது.

ஜெயந்த் வந்தார். கூட்டம் அவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளியது. பக்கத்தில் வந்து நின்றார். மூன்று மணி நேரத்தில் நாலு வயது கூடிவிட்ட மாதிரி இருந்தார்.

"போட்டுட்டியா?"

"போட்டாச்சு."

"நான் வேண்டாம்னு ஒரு நாளும் சொல்லல, வித்யா."

"தெரியும்."

அவர் சிரிக்காமல், அக்கம்பக்கம் பார்க்காமல், தமிழில்தான் சொன்னார்.

"எனக்குத் தனியா இருக்கத் தெரியாதுடி. ஆஃபீஸை விட்டப்புறம் பகல் பூரா அந்த ஆத்துல என்ன பண்றதுன்னே தெரியல. நீ சாயங்காலம் வர சத்தம் கேக்கற வரைக்கும் மணியைப் பாத்துண்டே உக்காந்திருக்கேன். அதுக்குத்தான் அந்த ரூமே. நீயும் போயிட்டா…"

என் கையில் பொரிப் பொட்டலம் அப்படியே நின்றது.

இதை ஒரு வாரத்துக்கு முன்னால், ஏன், அன்று காலை காபி குடிக்கும்போது அவர் சொல்லியிருந்தால் நான் கௌஹாத்தி போயிருக்க மாட்டேன். நிச்சயமாகப் போயிருக்க மாட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி, விடுங்கோ," என்று சொல்லியிருப்பேன். நானே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். கதவில்லாத அறையானாலும் உட்கார்ந்திருப்பேன். அதை நினைத்தபோது, டெமோ அறையில் வராத பயம் நடுத்தெருவில் எனக்கு வந்தது. பாவமாகவும் இருந்தது அவரைப் பார்க்க. இரண்டும் ஒரே சமயத்தில் இருந்தது.

பர்ஸைத் திறந்தேன். எங்கே போனாலும் இரண்டு பேருடைய மெட்ரோ கார்டும் என் பர்ஸில்தான் இருக்கும். அவருடையதை எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

"எஸ்பிளனேடுல மாறணும். ஞாபகம் இருக்கோன்னோ?" என்றேன்.

"நீ வரலையா?"

"நான் கொஞ்ச நேரம் இந்தக் காத்துல நிக்கறேன். நீங்க முன்னாடி போங்கோ."

அவர் நகரவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கூட்டத்தில் ஒரு அம்மாள் பெரிய துணி மூட்டையோடு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து போனாள்.

"திங்கக்கிழமை பிளேயரோட நாற்காலியும் வந்துடும்," என்றார் ஜெயந்த். "ரெண்டு சொல்லியிருக்கேன், வித்யா."

"ஒண்ணை வேண்டாம்னு சொல்லிடுங்கோ," என்றேன். "சொல்லிப் பழகுங்கோ."